வீட்டு வரியும் ஒரு மழையும்

இன்று ஆரியசாலையில் வார்டு கூட்டம். வீட்டு வரி பற்றி கவுன்சிலில் ஓட்டெடுப்பு வருகிறதாம்; அதற்கு முன் எங்களைக் கேட்கிறார்கள். "வீட்டு வரியைக் கூட்ட சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் கவுன்சிலர்.

ஒரு கைகூட எழவில்லை. என் கையும்தான்.

அரிசிக்கடை அண்ணாச்சி எழுந்தார். "சாக்கடை ஓடைய அள்ள ஆளில்ல, வரி மட்டும் வேணுமா சாரே?" நாங்கள் கைதட்டினோம்.

அப்போது பிடித்தது பாருங்கள் மழை! மூட்டைகளைப் பலகைமேல் ஏற்ற, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார் அண்ணாச்சி.

அரை மணியில் முழங்கால் வரை சாக்கடையோடு திரும்பி வந்து, கையைத் தூக்கினார்.

"வரியக் கூட்டிக்கோங்க சாரே. ஆனா மொதல்ல எங்க ஓடை. அத கூட்ட மினிட்ஸ் புக்ல எழுதுங்க, இப்பவே!"

எழுதினார்கள்! அடுத்த நொடி எல்லாக் கைகளும் மேலே. என்னுடையதும்தான்.

உங்கள் வார்டில் கூட்டம் என்றைக்கு? மழை நாளாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.