இறந்தவர் கதைத்துக்கொண்டிருந்தார்

தம்பி விபத்தில் போன பிறகு அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். செத்த வீட்டுக்கு வந்தவர்களிடம் கேட்டார். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்தவர்களிடமும் கேட்டார். அதற்குப் பிறகு வீட்டில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லாததால், வருடக்கணக்காக என்னிடம் கேட்டார்.

"அவன்ரை பக்கத்திலை ஆரும் இருந்தவையோ?"

எனக்குப் பதில் தெரியாது. தம்பி வயரிங் வேலை செய்தவன். புங்குடுதீவில் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரின் பழைய வீட்டுக்கு மின்சார வேலை செய்துவிட்டு, பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வேலணைக்குத் திரும்பி வரும்போது, கடல் நடுவே போகும் பாலத்து றோட்டில் டிப்பர் லொறி ஒன்று அடித்தது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்பா அதற்கு முன்னரே காலமாகிவிட்டதால் சித்தப்பாதான் ஆஸ்பத்திரிக்கும் பொலிசுக்கும் ஓடினார், உடலை அடையாளம் காட்டினார், சவப்பெட்டியோடு வந்தார். வாசல் படலைக்குள் வந்ததும் அம்மாவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்த இடத்திலையே முடிஞ்சுது அண்ணி. ஒரு நோவும் தெரிஞ்சிராது."

அம்மா அதை நம்பினார். ஆனால் அதிலிருந்துதான் அவருடைய கேள்வி பிறந்தது. அந்த இடத்திலேயே முடிந்தது என்றால், அந்த இடத்தில் அவன் எவ்வளவு நேரம் கிடந்தான்? வெயிலில் கிடந்தானா? நாய் காகம் வந்ததா? யாராவது ஒரு துணியாவது போட்டார்களா? இரண்டு பக்கமும் கடல், ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. அம்மாவுக்கு அந்த றோட்டை நன்றாகத் தெரியும்.

பிறகு சித்தப்பா கனடாவுக்கு மகனிடம் போய்விட்டார். அம்மாவுக்குச் சலரோகம், அந்தச் சீனி வருத்தம், முற்றிக் கண் மங்கியது. முன்பெல்லாம் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துக்கொண்டு கேட்பவர், இப்போது நான் பள்ளிக்கூடத்தால் வந்து செருப்பைக் கழற்ற முதலே கேட்கத் தொடங்கினார். ஒரு நாள் நான் பொறுமை இழந்து, "எனக்கு என்னெண்டு தெரியும் அம்மா?" என்றேன். அம்மா கோபிக்கவில்லை. "பொலிசுக்குத் தெரியுந்தானே. கோட்டுக்குத் தெரியுந்தானே. ஆரோ எழுதித்தானே வைச்சிருப்பினம்," என்றார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். எனக்கு அது தோன்றவே இல்லை.

பொலிஸ் நிலையத்துக்கு அதற்கு முன் நான் போனதில்லை. மேசையில் இருந்த சார்ஜன்ட் சிங்களவர். உடைந்த தமிழில் மரியாதையாகக் கதைத்தார். முறைப்பாட்டு இலக்கம் இருக்கா என்று கேட்டார். இல்லை, திகதி மட்டும்தான் தெரியும் என்றேன். அவர் எழுந்து உள்ளே போனார். நான் சுவரோர வாங்கில் உட்கார்ந்து, ஆடு காணாமல் போனது பற்றி ஒரு கிழவர் முறைப்பாடு சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டின் நிறம், கொம்பு, காதிலுள்ள வெட்டு எல்லாவற்றையும் ஒரு பெண் பொலிஸ் எழுதிக்கொண்டிருந்தார். தம்பியையும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். உயரம், சேட்டின் நிறம்.

சார்ஜன்ட் ஒரு துண்டுக் கடதாசியோடு வந்தார். "அக்கா, இது கேஸ் முடிஞ்சது. எங்களுக்குக் கொப்பி தர ஏலாது. இது கோர்ட் நம்பர். அங்க போய்க் கேளுங்க." கொஞ்சம் நின்று, "தம்பியா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அந்த இலக்கத்தோடு ஊர்காவற்றுறைக்குப் போனேன். நீதிமன்றப் பதிவாளர் கந்தோரில் இருந்த எழுதுவினைஞர் துண்டைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் இந்த வழக்கிலை ஆர்? முறைப்பாட்டாளரோ, எதிரியோ?"

"ரெண்டும் இல்லை. செத்தவற்றை அக்கா."

அவர் விளங்கப்படுத்தினார். பொலிஸ் முறைப்பாட்டாளர், டிப்பர் சாரதி எதிரி. எதிரி குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனையும் பெற்று வழக்கு முடிந்துவிட்டது. அந்த வழக்கில் எங்கள் குடும்பத்துக்கு என்று ஓர் இடம் இல்லை. அவர் அதை வேண்டுமென்று நோகடிக்கச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். "ஒரு சட்டத்தரணியைப் பிடிச்சு நகர்த்தல் பத்திரம் எண்ட விண்ணப்பம் போடுங்கோ. ஏன் தேவை எண்டு அதிலை எழுத வேணும். நீதவான் ஐயா அனுமதிச்சா, வழக்கேட்டைத் தேடி எடுத்துப் பிரதி தருவம்."

நீதிமன்றத்துக்கு முன்னாலேயே ஒரு இளம் சட்டத்தரணியின் கந்தோர் இருந்தது. காரணத்தைக் கேட்டார். காப்புறுதியா, நட்டஈடா, காணிப் பிரச்சினையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"அப்ப என்னத்துக்கு அக்கா?"

"பக்கத்திலை ஆரும் இருந்தவையோ எண்டு அம்மா கேக்கிறா."

அந்தச் சட்டத்தரணிப் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டது. பிறகு என்ன எழுதியதோ தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அனுமதி கிடைத்தது. ஆனால் ஏடு உடனே கிடைக்கவில்லை. முடிந்த வழக்குகள் எல்லாம் வேறு அறையில் கட்டுக் கட்டாக இருந்தன. நான் போவேன், இன்னும் எடுபடவில்லை என்பார்கள், திரும்புவேன். வீட்டில் அம்மா என் காலடிச் சத்தத்தைக் கேட்டே பதிலைத் தெரிந்துகொள்வார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள் பிரதி கையில் வந்தது. பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருந்து வாசித்தேன். பக்கம் பக்கமாகத் தம்பிக்கு 'இறந்தவர்' என்றுதான் பெயர். இறந்தவரின் மோட்டார் சைக்கிள் இடது பக்கமாக வந்தது. இறந்தவர் தலைக்கவசம் அணிந்திருந்தார். டிப்பரின் சில்லு, றோட்டின் அகலம், இழுபட்ட தடத்தின் நீளம் எல்லாம் இருந்தன. கடைசியில் ஒரு சின்ன வாக்குமூலம், நெடுந்தீவுப் பெண் ஒருவருடையது. தமிழ் எழுதப் பழகாத ஒரு கை எழுதியிருந்தது, எழுத்துகள் பிழையாக இருந்தன.

'நான் ஆஸ்பத்திரியால் திரும்பி படகு பிடிக்க ஓட்டோவில் குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்தேன். விபத்தைக் கண்டு இறங்கினேன். இறந்தவர் அப்போது கதைத்துக்கொண்டிருந்தார். நோயாளர் காவு வண்டி வரும் வரை நான் அவருடன் இருந்தேன்.'

ஆள் இருந்திருக்கிறார். அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுந்து வீட்டுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் கண் திரும்ப மேலே போய் முந்தின வரியில் விழுந்தது. இறந்தவர் கதைத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்திலேயே முடியவில்லை. அவன் உயிரோடு கிடந்திருக்கிறான். ஒரு பஸ் வந்து போனது. நான் ஏறவில்லை.

சித்தப்பாவுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். அவருக்கு அங்கே விடியற்காலை. "இப்ப ஏன் பிள்ளை அதுகளைக் கிண்டுறாய்?" என்றார். நான் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். "ஓம். எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்கைதான் முடிஞ்சது. உன்ரை கொம்மாவுக்கு அதை என்னெண்டு சொல்லுறது? நான்தான் அப்பிடிச் சொல்லுவம் எண்டு முடிவெடுத்தனான்," என்று அழுதார். அவரோடு கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. இத்தனை வருடம் அவர் அதைத் தனியாகத் தூக்கியிருக்கிறார்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் அந்தச் சனிக்கிழமை நெடுந்தீவுக்குப் போனேன். துறைமுகத்தில், வாக்குமூலத்தில் இருந்த பெயரைச் சொன்னதும் வழி காட்டினார்கள். கல்வேலிகளுக்கு நடுவே போய், மாதா படம் ஒட்டிய கதவுள்ள வீட்டின் முன் நின்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"ஒரு நாளைக்கு ஆரும் வருவியள் எண்டு தெரியும் தங்கச்சி," என்றார். "வாங்கோ, உள்ளுக்கை வாங்கோ."

கதிரையை இழுத்துப் போட்டுத் தான் நிலத்தில் இருந்தார். நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். டிப்பர்க்காரப் பெடியன் றோட்டோரத்தில் குந்தித் தலையில் அடித்து அழுதுகொண்டிருந்தானாம். ஓட்டோக்காரர், முள்ளந்தண்டில் அடிபட்டிருந்தால் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, உதவிக்கு ஆள் கூப்பிட ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போனாராம். இவர் தம்பியின் தலையை மட்டும் மெல்ல மடியில் எடுத்து வைத்து, சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"என்ன கதைச்சவன் அக்கா?"

"கால் முறிஞ்சிட்டுது போலை எண்டவர். கால்தான் எண்டு நினைச்சவர், பாவம். தண்ணி கேட்டவர், என்னட்டைப் போத்தலிலை இருந்தது, வாயை நனைச்சு விட்டனான். எந்த ஊர், மாடு இருக்கோ எண்டும் கேட்டவர். பிறகு, அம்மாட்டைச் சொல்லாதேங்கோ, அவ பயந்துபோவா, நானே போய்ச் சொல்லுறன் எண்டவர். ரெண்டு மூண்டு தரம் சொன்னவர். நான் சொல்லமாட்டன் தம்பி எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்தனான்."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "செத்த வீட்டண்டு விசாரிச்சுக்கொண்டு வந்தனான் தங்கச்சி. படலையடியிலை நிண்டனான். அம்மா குழறி அழுறது கேட்டது. உள்ளுக்கை வந்தா, நான் ஆர் எண்டு கேப்பினம். கேட்டா நான் சொல்ல வேணும். சொல்லமாட்டன் எண்டெல்லே சத்தியம் குடுத்தனான். அப்பிடியே திரும்பிப் போயிட்டன்."

திரும்பி வரும்போது படகில் முழு நேரமும் ஒன்றையே யோசித்தேன். அவன் தனியாகக் கிடக்கவில்லை என்று சொன்னால், அவன் உயிரோடு கிடந்தான் என்றும் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டு மற்றதைக் கொடுக்க வழியில்லை. குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸில் அதே பாலத்தால் வந்தேன். அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்து, "ஆள் இருந்தவை அம்மா. ஒரு மனுசி மடியிலை வைச்சிருந்தவ," என்றேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. ஒரு கணம்தான். பிறகு அவர் மெல்லக் கேட்டார்.

"மடியிலை வைச்சிருந்தவ எண்டா... அப்ப அவன் உயிரோடை கிடந்திருக்கிறான்."

"ஓம் அம்மா."

அம்மா அழவில்லை. என் கையை விட்டுவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அடுத்த நாள் சாப்பிடவில்லை. நான் செய்தது பிழையோ, சித்தப்பா செய்ததுதான் சரியோ என்று குசினிக்குள் நின்று அழுதேன். அதற்கும் அடுத்த நாள் அம்மா கூப்பிட்டார். "அந்த மனுசியை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வா," என்றார்.

செய்தி அனுப்பினேன். அவர் வந்தார், ஒரு போத்தல் நெய்யோடு. அம்மா அவரைக் கையால் தடவித்தான் பார்த்தார். முகத்தை, தோளை, பிறகு கைகளை. நடந்தது முழுவதையும் அவர் திரும்பச் சொன்னார். "அம்மாட்டைச் சொல்லாதேங்கோ" என்ற இடம் வந்ததும் அம்மா, "சொல்லியிருக்கலாமே பிள்ளை, நான் பயந்திருக்கமாட்டனே," என்று, அவன் முன்னால் இருப்பது போலச் சொன்னார். பிறகு, "எப்பிடி வைச்சிருந்தனீங்கள்? எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ," என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தார். நான் அம்மாவைப் பிடித்து இறக்கினேன். அம்மா மெல்லச் சரிந்து, தன் தலையை அவருடைய மடியில் வைத்தார். அவர் சேலைத் தலைப்பை எடுத்து, வெயில் இல்லாத அறையில், அம்மாவின் முகத்துக்கு மேல் பிடித்தார். அப்போதுதான் அம்மா வாய்விட்டு அழுதார். செத்த வீட்டில் அழுத அழுகை வேறு, இது வேறு. அழுது களைத்து அப்படியே நித்திரையாகிவிட்டார். கால் விறைத்தும் அந்தப் பெண் அசையவில்லை.

பின்னேரம் அவரைப் பஸ் ஏற்றப் போனபோது, தரிப்பிடத்தில் அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"அம்மாவுக்கு முன்னாலை சொல்லேல்லை தங்கச்சி. தம்பியின்ரை போன் ரெண்டு தரம் அடிச்சது. கண்ணாடி நொருங்கிப் போச்சு. நான் தேச்சுத் தேச்சுப் பாத்தனான், எடுபடேல்லை. அது அக்காவா இருக்கும் எண்டவர். பாண் வாங்கச் சொல்ல எடுக்கிறா எண்டு சிரிச்சவர்."

பஸ் வந்தது. அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறிப் போனார்.

அது நான்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வரச் சொல்லத்தான் இரண்டு தரம் எடுத்தேன். அவன் எடுக்கவில்லை என்றதும், மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டு வருகிறான் போல என்று நினைத்து, கொடியில் உடுப்பு எடுக்கப் போனேன். அம்மா அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அடுத்த மாரி மழைக்கு முன் அவரும் போய்விட்டார். போன் அடித்த கதையை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.