சாம்பல் பூசிய ஐந்து விதைகள்

என் கைபட்டால் எந்த விதையும் முளைக்கும் என்று எங்கள் எஸ்டேட்டில் ஒரு பேச்சு உண்டு. சாந்தன்பாறை ஏலக்காய் நாற்றங்காலில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது. அதனால்தான் கெட்டேன்.

என் வீட்டுக்காரர் எஸ்டேட் பங்களாவில் தோட்டக்காரர். அங்கே மர நிழலில் ஒரு மஞ்சள் லில்லி நின்றது. ஆரஞ்சு நிறத்தில் எல்லாப் பங்களாவிலும் உண்டு, மஞ்சளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெயில் பட்டால் இலை கருகிவிடும். பங்களாவை ரிசார்ட்டாக்கி இன்டர்லாக் கல் பதித்தபோது, பிடுங்கிப் போட்டதை அவர் எடுத்துவந்து எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் வைத்தார். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். இந்த மழையில் செடியும் அடி அழுகிச் சாய்ந்தது. மிஞ்சியது ஒரே ஒரு பழம், உள்ளே ஆறு விதை.

ஏலக்காய் விதைக்குச் செய்வதை அப்படியே செய்தேன். தண்ணீரில் போட்டு, மிதந்த ஒன்றைச் சொத்தை என்று கழுவிய தண்ணீரோடு கொல்லையில் வீசினேன். மற்ற ஐந்தையும் அடுப்புச் சாம்பலில் தேய்த்து, முறத்தில் பரப்பி, நிழலில் பத்து நாள் உலர்த்தினேன். பிறகுதான் விதைத்தேன். பெருமையாக வேறு இருந்தது.

ஒரு மாதம் தாண்டியும் மண் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தினமும் முளைத்ததா என்று கேட்பாள், எரிந்து விழுந்தேன். ஜெபத்தில் உட்கார்ந்தாலும் நினைப்பு அந்தத் தொட்டியில்தான். அவர் போனபோதுகூட நான் இப்படித் தவிக்கவில்லை. அப்போது சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

அவரோடு பங்களாவில் வேலை பார்த்த தம்பி ஒருநாள் வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"காயப் போட்டீங்களாக்கா?"

"பத்து நாளு. சாம்பல் போட்டுத்தான்."

"அது காயக் கூடாதுக்கா. பழத்த உரிச்ச ஈரத்தோட மண்ணுல வச்சிரணும். அண்ணன் சொன்னதில்லயா?"

சொல்லியிருப்பார். செடி வளர்ப்பதைப் பற்றி அவர் வாயைத் திறந்தாலே, எனக்கே பாடமா என்று நான்தான் அடக்கிவிடுவேன்.

தொட்டியைக் கவிழ்த்தேன். ஐந்தும் சுருங்கிக் கல்லாகக் கிடந்தன. என் கையாலேயே கொன்றுவிட்டேன். உரக்க அழுதேன். பாதி அழுகையில்தான் அந்த ஆறாவது விதை ஞாபகம் வந்தது.

கொல்லைக்கு ஓடி, முழங்காலிட்டு, ஈரச் சருகை ஒவ்வொன்றாக விலக்கினேன். சாக்கடை ஓரத்தில், பெரணி இலைக்கு அடியில் அது கிடந்தது. அதிலிருந்து வெள்ளையாக ஒரு வேர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

"எடுத்துத் தொட்டியில வைங்கக்கா" என்றார் தம்பி.

என் கை நீளவில்லை. "நீங்களே வைங்க தம்பி," என்று தள்ளி நின்றேன்.