மூன்று பனிக்கு ஒரு பலகை

என் மனைவியின் தங்கையைக் கட்டியவனுக்கு என்னைவிட அரை முழம் உயரம் அதிகம். கல்யாண போட்டோ எடுக்கும்போது போட்டோக்காரன் என்னைப் படியில் ஏறி நிற்கச் சொன்னான். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இவன் பக்கத்தில் நிற்பதே எனக்கு ஒரு வேலையாகப் போகிறது என்று.

இப்போது அவன் மாடி வீட்டில் குடியிருக்கிறான், நான் கீழ் வீட்டில். இரண்டு பேரும் ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனி. மெல்லிய மரத் தகடுகளையும் கண்ணாடி நார்த் துணியையும் பசை தடவி அடுக்கி, சூடான பிரஸ்ஸில் அழுத்திப் பலகையாக எடுப்பது எங்கள் வேலை. பஸ்ஸுக்குத் தரைப்பலகை, லாரிக்குப் பக்கப்பலகை. அவனை அங்கே சேர்த்துவிட்டவனே நான்தான். அவன் டிப்ளமா. நான் எட்டாவதோடு நின்றவன். புனேவுக்கு ட்ரெயினிங் என்றால் அவன் போவான், சென்னைக்கு மெஷின் பார்க்கப் போகவேண்டும் என்றால் அவன் போவான். சான்றிதழ் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய? நான் பெங்களூரைத் தாண்டியது இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் மணாலியிலிருந்து அந்த மேடம் வந்தார். அங்கே பனிச்சறுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். பெங்களூரில் படித்தவர் என்பதால் கன்னடம் பேசினார். எங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. வெளிநாட்டு ஸ்கீ பலகைகளை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, நீங்கள் செய்து தாருங்கள் என்று கேட்டார். முதலாளி ஒரு ஜோடி மாதிரிக்குச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். மேடம் ஒரு நிபந்தனை வைத்தார். பிரஸ்ஸில் வேலை செய்கிற ஒருவர் அந்த ஜோடியோடு மணாலிக்கு வரவேண்டும். தானே அதில் நின்று, சறுக்கி, ஏறிப் பார்த்து, எங்கே வளைகிறது எங்கே அதிர்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்ப வேண்டும்.

"யாருக்கு சரியா வர்ற நீளத்துல பலகை போடுறோமோ, அவர் வரட்டும்" என்றார்.

நான் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றேன். இதற்கு மார்க் ஷீட் வேண்டாம், உடம்பு போதும்.

மேடம் தன் பலகை ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி விளக்கினார். மூன்று விதப் பனி இருக்கிறதாம். ஒன்று, வண்டி விட்டு அழுத்தி மட்டமாக்கிய சரிவு, சிமெண்ட் ரோடு மாதிரி. அதில் குட்டைப் பலகை சுலபமாகத் திரும்பும், நீளமானது வேகத்தில் ஆடாமல் போகும். இரண்டாவது, புதிதாக விழுந்த மெத்துப் பனி. அதில் பலகை நீளமாகவும் அகலமாகவும் இருந்தால்தான் ஆளை மேலே தாங்கும், இல்லாவிட்டால் உள்ளே இறங்கிவிடும். மூன்றாவது, பலகையின் அடியில் ஒரு ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு மலையில் நடந்தே ஏறுவது. அங்கே நீளம் என்றால் கனம். ஒவ்வொரு எட்டுக்கும் அந்தக் கனத்தைத் தூக்கவேண்டும், செங்குத்தான இடத்தில் ஒரு காலைத் தூக்கி அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி வைக்கும்போது வால் இடிக்கும். தன்னிடம் வருகிறவர்கள் ஒரே நாளில் மூன்றையும் செய்கிறவர்கள், அவர்களுக்கு ஆளுக்கு மூன்று ஜோடி தர முடியாது என்றார். பொதுவாக மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவே பலகையின் நுனி வந்தால் மூன்றுக்கும் ஒத்துப்போகுமாம். ஆனால் உயரம் மட்டும் பார்த்தால் போதாது, எடையும் பார்க்கவேண்டும். கனமான ஆளுக்குக் கொஞ்சம் நீளம் கூட்டவேண்டும்.

என் சகலை பாரூர்க்காரன், ஏரிப் பாசன நெல் வயல் குடும்பம். உடனே வாயைத் திறந்தான்.

"மேடம், சேத்துல பரம்புப் பலகை மேல ஏறி நின்னா அது உள்ள போகாது. அதே கதைதானே?"

மேடத்துக்கு அது என்னவென்று தெரியவில்லை. அவன் குனிந்து, உழுத வயலை மட்டமாக்கப் பலகையை இழுக்கிற மாடு மாதிரி இழுத்து, பிறகு பலகை மேல் நிற்பவன் மாதிரி நின்று காட்டினான். மேடம் கைதட்டிச் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. நான் நாட்றாம்பாளையத்துக்காரன், மலையில் ஏறி இறங்கியே வளர்ந்தவன். "மலை ஏறுறது எனக்குப் பழக்கம் மேடம்" என்று சொல்ல நினைத்தேன். நான் வார்த்தையைக் கோர்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அன்று பிரஸ்ஸில் இருந்த எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி அளந்து, எடையும் பார்த்தார்கள். ஒரே ஒரு அச்சுதான் செய்யமுடியும், அதனால் ஒரே ஒரு நீளம். நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர் நீளப் பலகை அவன் புருவத்துக்கு வந்தது. நான் குட்டை, ஆனால் கனம். உயரத்துக்குக் குட்டையான பலகையும் எடைக்கு நீளமான பலகையும் வேண்டியிருந்தது. நடுவில் ஒரு நீளம் பிடித்து, "நெத்திக்கு மேல வருது. பரவாயில்ல, இதுவும் நடக்கும்" என்றார் மேடம். அந்த "நடக்கும்" எனக்குப் போதுமாக இருந்தது.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். "மலை ஏறும்போது முதுகுல பை இருக்கும். ஒரு முழு நாளுக்கு என்ன எடுத்துட்டுப் போவீங்களோ, அதை நாளைக்குக் கட்டிட்டு வாங்க. பையோட எடை பார்த்து முடிவு பண்ணலாம்."

வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த பெரிய பையை இறக்கினேன். ஸ்வெட்டர் ஒன்று வைத்தேன். அது நனைந்துவிட்டால்? இன்னொன்று. குரங்குக் குல்லா. தைலம், காய்ச்சல் மாத்திரை, வயிற்றுக்கு ஒரு மாத்திரை. பிளாஸ்கில் வெந்நீர். வெந்நீர் ஆறிவிட்டால் குடிக்கச் சாதாரணத் தண்ணீர். எலுமிச்சைச் சாதம் வைக்கிற அடுக்கு டிபன். டார்ச். தரையில் விரிக்க தார்ப்பாய்த் துண்டு. வழி தவறினால் கட்டிக்கொள்ளக் கயிறு. கடைசியாகக் கம்பளிப் போர்வை.

என் மனைவி கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னா, குடி மாத்திகினு போறியா?"

"பனிடீ. மாட்டிகினா என்னா பண்றது?"

"பிரஸ் மெஷினு பக்கத்துலதான நிக்கப் போற நாளைக்கு? அங்க எங்க பனி?"

"பை எப்டி இருக்கும்னு பாக்கறாங்க. கொறச்சலா எடுத்துட்டுப் போயி, அங்க போயி அவதிப்படவா?"

அவள் மேலே கையைக் காட்டினாள். "உன் சகல என்னா எடுத்துட்டுப் போறாரு? கேட்டியா?"

கேட்கவில்லை. அவனிடம் கேட்டால் எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும். மேலே அவன் நடக்கிற சத்தம் கூடக் கேட்கவில்லை. படுத்துத் தூங்கிவிட்டான் போலிருக்கிறது. அதுவும் எரிச்சலாக இருந்தது. நாளைக்கு இவ்வளவு பெரிய விஷயம் இருக்கும்போது ஒரு மனுசனுக்கு எப்படித் தூக்கம் வருகிறது?

மறுநாள் அவன் கம்பெனி ஆயுத பூஜைக்குக் கொடுத்த சின்னப் பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் வேர்க்கடலை, ஒரு ஜெர்கின். அவ்வளவுதான். என் பையைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"ண்ணா, என்னாண்ணா இது? குருபரப்பள்ளி சந்தைக்குக் கடை போடப் போறியா?"

"நீ உன் வேலையப் பாரு."

மூலப்பொருள் எடை போடுகிற மேடையில் ஏறி நின்றோம். அவனுக்கு முள் முந்தின நாளைவிடக் கொஞ்சம்தான் நகர்ந்தது. நான் ஏறியதும் மேடம் குனிந்து இரண்டு தடவை பார்த்தார். தன் பலகையை எடுத்து என் பக்கத்தில் நிறுத்தினார். அதைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். நுனி என் தலையைத் தாண்டிப் போய்விட்டது.

"இந்த எடைக்கு மெத்துப் பனியில இவ்வளவு நீளம் வேணும்" என்றார். "ஆனா இந்த நீளத்தை இவரால ஏறும்போது தூக்கித் திருப்ப முடியாது. அழுத்தின சரிவுலயும் கஷ்டம்."

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ், அந்தப் போர்வையைத் தூக்கி வெளிய போடுய்யா! சரியாப் போயிடும்."

பையைத் திறந்தேன். போர்வையைப் பாதி வெளியே இழுத்தேன். எனக்குக் கண்ணுக்கு முன்னால் அந்த மலை வந்துவிட்டது. இருட்டு, காற்று, பனி, நான் மட்டும். போர்வையை வைத்துவிட்டுப் பிளாஸ்கை எடுத்தேன். வெந்நீர் இல்லாமல் எப்படி? அதையும் திரும்ப வைத்தேன். கயிறு கனமே இல்லை, அதை எடுத்து என்ன பிரயோசனம்? தார்ப்பாய்... நனைந்த இடத்தில் உட்கார்ந்தால் எனக்கு உடனே சளி பிடிக்கும். நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், நான் குந்திக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் தைல பாட்டிலை மட்டும் எடுத்துத் தரையில் வைத்தேன்.

சகலை சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேடம் சிரிக்கவில்லை. "இப்ப எடுத்துட்டாலும் அங்க வந்து திரும்ப எடுத்து வைப்பீங்க, இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"அப்ப ஒன் செவன்ட்டி டூ" என்றார் முதலாளி. "தம்பி, நீ போய்ட்டு வா."

எல்லாவற்றையும்விட மோசமானது அதற்குப் பிறகு வந்த வாரம். அந்தப் பலகையை அழுத்தியது என் ஷிஃப்டில். அவன் உயரத்துக்கு வெட்டிய மரத்தை, அவன் எடைக்குக் கணக்குப் போட்டு அடுக்கிய துணியை, நானே பசை தடவிப் பிரஸ்ஸுக்குள் தள்ளினேன். சூடு சரியாக ஏறுகிறதா என்று பத்துத் தடவை போய்ப் பார்த்தேன். பலகை பிளந்து அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், வேண்டுமென்றே செய்தேன் என்றுதானே ஊர் சொல்லும்? மாடிவீட்டு மச்சினி என் முகத்தில் விழிப்பாளா? பொறாமை ஒரு பக்கம் அரிக்க, பயம் ஒரு பக்கம் பிடுங்க, என் வாழ்க்கையிலேயே அவ்வளவு ஒழுங்காக ஒரு பலகை செய்ததில்லை.

மணாலியிலிருந்து வீடியோ அனுப்பினான். என் மனைவியும் அவள் தங்கையும் ஒரே போனுக்குத் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். அழுத்தி மட்டமாக்கிய சரிவில் அவன் வளைந்து வளைந்து வந்தான். மெத்துப் பனியில் விழுந்தான். எனக்கு ஒரு கணம் ஜில்லென்று இருந்தது, உடனே எழுந்து நின்றுவிட்டான். மலை ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே, "ண்ணா, பலகை லேசா இருக்குதுண்ணா, சூப்பர்!" என்று கேமராவைப் பார்த்துக் கத்தினான்.

"பாரு, உன்னத்தான் சொல்றாரு" என்றாள் என் மனைவி.

"கேக்குது, கேக்குது."

முகம் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்துத் திரும்பி வந்தான். எனக்கு ஒரு கம்பளிக் குல்லா வாங்கி வந்தான். மேடம் போன் பண்ணினார்: நீளம் மூன்றுக்கும் ஒத்துப்போகிறது, அச்சை மாற்றவேண்டாம், அதே நீளத்தில் நிறைய ஜோடிகள் வேண்டும். முதலாளி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்.

இப்போது அதுதான் எங்கள் வேலை. அச்சிலிருந்து எடுத்ததும் ஒவ்வொரு பலகையையும் சுவரில் நிறுத்தி, முறுக்கு இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். ஒவ்வொன்றும் என் தலைக்கு மேல் அவன் அளவுக்கு நிற்கிறது. யார் யாரோ அவன் உயரத்தைக் காலில் மாட்டிக்கொண்டு மலை ஏறப்போகிறார்கள்.

போன வாரம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவன் வந்து என் பக்கத்தில் நின்றான். பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கிண்டலா அக்கறையா என்று அவன் முகத்தில் தெரியவில்லை.

"ண்ணா, குட்டையா ஒரு அச்சு போடச் சொல்லி முதலாளிகிட்ட கேக்கட்டுமா? உனக்குத் தோதா?"

"ஒண்ணும் வேணாம். இந்தா, இத அந்தப் பக்கம் புடி."

அவன் ஒரு கையால் தூக்கினான். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.