சாட்டிலைட்டும் சரசக்காவின் கரண்டு வேலியும்

1. மாலையானால் வரும் சத்தம்

“இந்த மாசமும் படம் சரியா வரலேன்னா ஸ்டேஷனை மூடிடலாம், மேகலா” என்றார் மிஸ்டர் லிம். ஆன்டெனா நிழலில் நின்று, பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். அவர் பேசுவது ஆங்கிலமும் மலாயும் கலந்த மொழி. தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்.

அவர் முதலாளி, நான் மேனேஜர், ரிசீவரைப் பார்த்துக்கொள்ள ஹாபிஸ். மொத்தக் கம்பெனியே அவ்வளவுதான். இடம், பாலிக் புலாவ் மலைச்சரிவு. பாயான் லெப்பாஸில் சிப் டெஸ்டிங் வேலையில் இருந்த என்னை, “வா, வானத்தை டெஸ்ட் பண்ணலாம்” என்று ஆசை காட்டி இழுத்து வந்தவர் லிம். ஐம்பது வயதில், இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு நானும் வந்தேன். ஸ்டேஷனை மூடிவிட்டால் திரும்பிப் போக எனக்கு இடம் கிடையாது.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ராக்கெட் விடுவது ஒரு நாள் கூத்து. தினமும் சோறு போடுவது தரையில் இருக்கும் ஆன்டெனாதான். சாட்டிலைட் நம் தலைக்கு மேல் கடந்து போகும் பத்து நிமிடத்தைப் ‘பாஸ்’ என்போம். அதற்குள் அது எடுத்த படங்களை இறக்கிவிட வேண்டும். சின்ன நாடு உலகம் முழுக்க ஆன்டெனா நட்டுக்கொண்டு இருக்க முடியாது. அதனால் அரசாங்கத்தின் மூலம் கென்யாவோடு ஓர் ஏற்பாடு பேசினோம். அவர்கள் சாட்டிலைட் நம் பக்கம் வந்தால் நாங்கள் கேட்போம், நம் நாட்டு சாட்டிலைட் அவர்கள் பக்கம் போனால் அவர்கள் கேட்பார்கள். இது நிலைத்துவிட்டால் மற்ற நாடுகளும் எங்களிடம் வரும். நிலைக்குமா என்று பார்க்க முதலில் சில மாதம் சோதனைக் காலம் என்று வைத்திருந்தார்கள்.

காலைப் பாஸ் கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது. மாலைப் பாஸில் சத்தம்தான் மிச்சம், பாதிப் படம் கிழிந்து வரும். கேபிளை மாற்றினோம், ஆம்ப்ளிஃபையரை மாற்றினோம், பக்கத்து டெலிபோன் டவர் மேல் பழி போட்டுப் பார்த்தோம். எதிலும் பிடி கிடைக்கவில்லை.

2. “உங்க ஊர்ல யானை இருக்கா?”

கென்யாவின் பொறியாளர் பெயர் வாஞ்சிரு. வீடியோவில் மட்டுமே பார்த்துப் பழகிய பெண். அவள் சாட்டிலைட்டில் குறை என்று நாங்களும், எங்கள் ஸ்டேஷனில் குறை என்று அவளும் மரியாதையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மாலைப் பாஸை ரெக்கார்டு செய்து, அந்தச் சத்தத்தை வீடியோ கூட்டத்திலேயே ஓடவிட்டான் ஹாபிஸ். கண்ணை மூடிக் கேட்டவள், “மேகலா, உங்க ஊர்ல யானை இருக்கா?” என்றாள்.

லிம் என்னைப் பார்த்தார். நான் ஹாபிஸைப் பார்த்தேன்.

“குரங்கு இருக்கு. ஏன்?” என்றேன்.

“நல்லாக் கேளுங்க. டிக், டிக்னு செகண்டுக்கு ஒண்ணு வருது. எங்க ஸ்டேஷன் பக்கத்துல யானை வராம இருக்க கரண்டு வேலி போட்டிருக்காங்க. மழைக்காலத்துல இதே சத்தம்தான் எங்களுக்கும். அங்க யாரு எதைத் தடுக்கிறாங்கன்னு பாருங்க.”

ஹாபிஸ் தலையில் அடித்துக்கொண்டான். எங்களுக்குப் பக்கத்திலேயே சரசக்காவின் டுரியான் பழத்தோட்டம். ஸ்டேஷன் கட்டியபோது பழக்காலம் இல்லை, வேலியில் கரண்டும் இல்லை. பழம் விழத் தொடங்கியதும் அக்கா பொழுது சாய்ந்தால் சுவிட்சைப் போட்டு, விடிந்ததும் நிறுத்துவார். தினமும் அந்த வேலியை ஒட்டியே வேலைக்குப் போய் வந்த எங்களுக்கு இது உறைக்கவில்லை. கென்யாக்காரி கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டாள். அவள் மேல் எனக்குப் பாசம் விழுந்தது அன்றைக்குத்தான்.

3. பிஸ்கட் டின் படை

லிம்மையும் அழைத்துக்கொண்டு சரசக்காவிடம் போனேன். குத்தகைத் தோட்டத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர். வாயும் அதற்குத் தகுந்த மாதிரிதான்.

“அக்கா, சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் வேலியை நிறுத்த முடியுமா?”

“எதுக்கு?”

“கென்யா சாட்டிலைட் வருது.”

“எங்க வருது?”

“மேல.”

“காட்டுப்பன்னி கீழ வருதுலா, தங்கச்சி! போன வருஷம் நல்ல பழமா பார்த்துத் தின்னுட்டுப் போச்சு. உன் சாட்டிலைட்டுக்காக நான் மறுபடியும் பன்னிக்கு விருந்து வைக்கவா?”

நஷ்டம் வந்தால் நாங்கள் தருகிறோம் என்று சொல்லப் பார்த்தேன். அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. “என் பழத்துக்குன்னு காத்திருக்கிறவங்ககிட்ட, பழத்துக்குப் பதிலா உன் காசைக் காட்டுறதா?”

லிம் மலாயில் சொன்னார்: “அந்தப் பத்து நிமிஷம் நாங்களே வேலியா நிக்கிறோம், காக்கா.” மலாயில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அக்கா அவர் காலில் இருந்த பளபளப்பான ஷூவைப் பார்த்தார். “இந்த சப்பாத்தைப் போட்டுக்கிட்டா?” என்று சிரித்துவிட்டார்.

ஆன்டெனா தானாகவே திரும்பிக்கொள்ளும். திரைக்கு முன்னால் ஹாபிஸ் ஒருவன் போதும். அடுத்த மாலைப் பாஸுக்கு அக்கா சுவிட்சை நிறுத்தினார். லிம் மேல்பக்கமும் நான் கீழ்ப்பக்கமுமாக வேலி ஓரத்தில் அக்கா கொடுத்த பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டு நடந்தோம். புதருக்குள் ஏதோ உறுமியது. முதலாளி அடித்த அடியில் டின் நெளிந்தே போய்விட்டது.

ஸ்பீக்கரில் போட்டிருந்த ஹாபிஸின் போனில் வாஞ்சிரு, “அங்க என்ன, கல்யாணமா?” என்றாள். அவன் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு வேலி வரைக்கும் கேட்டது. “நாங்க யானைக்குத் தகரம் தட்டுறோம், நீங்க பன்னிக்கா!”

கொஞ்ச நேரத்தில் ஹாபிஸ், “மாசுக்! மாசுக்!” என்று கத்தினான். வந்துவிட்டது என்று அர்த்தம். பாஸ் முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தோம், கென்யாவின் ஏரிக்கரை ஒன்று கிழிசல் இல்லாமல் திரையில் இறங்கியிருந்தது. லிம் நெளிந்த டின்னை நெஞ்சோடு கட்டிக்கொண்டே நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

சோதனைக் காலம் முடியும் வரை தட்டினோம். இடையில் வாஞ்சிரு சொல்லிக்கொடுத்தபடி, சின்ன ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரம் நடந்து, சத்தம் அதிகமாகும் இடங்களைக் குறித்துக்கொண்டோம். சில இடத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருந்தது, சில இடத்தில் புல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பொறி பறந்து சத்தம் கிளம்பியது அங்கேதான். பழக்காலம் முடிந்ததும் நாங்களே புதுக் கம்பியும் பீங்கானும் போட்டுக்கொடுத்தோம். வேலியும் முன்பைவிட நன்றாக ஷாக் அடித்தது. “இதை முதல்லயே செஞ்சிருந்தா எனக்கு டின்னு மிச்சம்” என்றார் அக்கா.

4. ஒரு போன்

கென்யா ஏற்பாடு நிலைத்தது. அதைப் பார்த்து இன்னும் சில நாடுகள் வந்தன. இப்போது ஹாபிஸ்தான் மேனேஜர், அவனுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று கெலுகோர் வீட்டில் இருக்கிறேன். நாடும் நாடும் கை குலுக்கினால் இந்தத் தொழில் வளர்ந்துவிடும் என்றுதான் நானும் வந்த புதிதில் நினைத்தேன். கை குலுக்குவதற்கு முன் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள் என்பேன் இப்போது. எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு அரசாங்கங்களின் பெயர் இருந்தது. சுவிட்ச் சரசக்கா கையில் இருந்தது.

இந்த வருஷம் பழம் விழத் தொடங்கியதும் அக்கா எனக்குப் போன் செய்தார்.

“தங்கச்சி, இன்னிக்கு வேலிக்குக் கரண்டு குடுக்கப் போறேன். புதுக் கம்பிதான், சத்தம் வராது. இருந்தாலும் அந்தக் கென்யாப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு.”

“நான்தான் வேலையை விட்டு வந்துட்டேனே அக்கா. ஹாபிஸ்கிட்ட சொல்லுங்க.”

“அவன்கிட்ட சொல்லியாச்சுலா. அவ உன் கூட்டாளி, நீதான் சொல்லணும்.”

சரி என்று அப்போதே வாஞ்சிருவைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்: “அக்கா வேலிக்குக் கரண்டு போட்டாச்சா? இந்த வருஷம் பழம் எப்படி?”