நகரக் கூடாது

என் தம்பி பொண்டாட்டிக்கு எங்க வீட்டுல "சரிங்க"ன்னு பேர். என் வீட்டுக்காரர் வச்சது. காபி போடுன்னா சரிங்க, கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம்னா சரிங்க. தலையில கல்லைத் தூக்கிப் போடப் போறேன்னு சொன்னாக்கூட, சரிங்கன்னு தலையை வாகா காட்டுவா. முகத்துக்கு நேராவே அப்படித்தான் கூப்பிடுவோம். அவளும் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பார்ப்பா.

இப்போ சொந்தக்காரங்க என்னைப் பத்தி என்னென்னமோ பேசிக்கிறாங்களாம். பேசட்டும். வாய்க்கு யாரு வரி கட்டுறா? நடந்தது என்னன்னு நான் சொல்றேன், கேளுங்க.

தம்பியும் அவளும் முதல்ல வேற ஒரு நாட்டுல இருந்தாங்க. தம்பிக்கு அங்கே குடியுரிமை கிடைச்சிருச்சு. இவளுக்கு முறை வர்றதுக்குள்ள அவனுக்கு இங்கே, நான் வாழ்க்கைப்பட்டு வந்த இந்த அயல்நாட்டு ஊர்ல, கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குற ஆலையில பெரிய வேலை கிடைச்சுது. கிளம்பி வந்துட்டாங்க. இவ கையில இருந்தது நிரந்தரக் குடியிருப்பு அட்டை மட்டும். அவங்க ஒரே மக அங்கேயே ஹாஸ்டல்ல இருந்து படிச்சு, ஆஸ்பத்திரி மருந்தகத்துல வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கட்டிக்கிட்டா. அட்டை இருக்கிற வரைக்கும் இவ மக கூடப் போய் இருக்கலாம். அது போச்சுன்னா போனுல மூஞ்சியைப் பார்த்துக்க வேண்டியதுதான்.

அந்த அட்டையைப் புதுப்பிக்க ஒரு விதி இருக்கு. வெளிநாட்டுல இருந்தாலும், குடிமகனான புருஷன்கூட ஒரே வீட்டுல குடும்பம் நடத்தினா, அந்த நாட்டுலயே இருந்த மாதிரி கணக்கு வைப்பாங்க. தனித்தனியா இருந்தா செல்லாது. இது தம்பிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா அவகிட்ட அவன் சொன்னது வேற.

ஏன்னா, இங்கே வந்த கொஞ்ச நாள்லயே எங்க அம்மா பக்கவாதத்துல விழுந்துட்டாங்க. இடது பக்கம் சுத்தமா போச்சு. தம்பி அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, பெரிய ரூமுல கட்டில் போட்டான். அடுத்த மாசமே ஆலைக்குப் பக்கத்துல கம்பெனி குவார்ட்டர்ஸ்ல ஒரு வீடு வாங்கிக்கிட்டு அங்கே போயிட்டான். அலைச்சல் தாங்கலையாம். மூத்திர வாடை தாங்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே, எனக்குத் தெரியாதா என் தம்பியை! ஞாயித்துக்கிழமை வருவான், அம்மா நெத்தியைத் தொட்டுப் பார்ப்பான், வயிறார சாப்பிடுவான், போயிடுவான்.

போற அன்னிக்கு வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே அவகிட்ட சொன்னான்.

"இங்க பாரு, அட்டை புதுப்பிக்கணும்னா நீ இந்த வீட்டை விட்டு நகரக் கூடாது. ஊர்ப் பக்கம் போறேன், அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு கிளம்பினே, அட்டை போயிடும். அப்புறம் மகளை மறந்துட வேண்டியதுதான்."

"சரிங்க."

நான் பக்கத்துல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். அடப்பாவி, விதியையே தலைகீழா திருப்பிட்டானேன்னு தோணிச்சு. வாயைத் திறக்கல. திறந்தா என்ன ஆகும்? அம்மா என் தலையில வந்து விழுவாங்க. என் வீட்டுல ஏற்கனவே ஒரு மாமியார். அப்போ அவங்க நடமாடிக்கிட்டுத்தான் இருந்தாங்க, இருந்தாலும் எத்தனை பேரை ஒருத்தி சுமப்பா?

சும்மா சொல்லக் கூடாது, அம்மாவை அவ பார்த்த மாதிரி பெத்த மக நானே பார்த்திருக்க மாட்டேன். நேரா நேரத்துக்குப் புரட்டிப் போடுவா. முதுகைத் துடைச்சு, ஈரம் காய விட்டு, அப்புறம்தான் பவுடர் போடுவா. ரப்பர் ஷீட்டு மேல துணி சுருங்கியிருந்தா புண்ணு வந்துரும்னு இழுத்து இழுத்து விடுவா. அத்தனை வருஷத்துல அம்மாவுக்குப் படுக்கைப் புண்ணுன்னு ஒண்ணு வந்ததில்லை. அம்மா வாய் மட்டும் நல்லா இருந்துச்சு. அது அவளைத் திட்டுறதுக்குத்தான் பயன்பட்டுச்சு.

நடுவுல அவளோட அப்பா செத்துப் போனார். போன் வந்தப்போ அவ கையில பெட்பேன். அப்படியே என்னைப் பார்த்தா.

"அண்ணி, போயிட்டு உடனே ஓடி வந்துடறேன். அட்டை போயிடுமா?"

"எனக்கென்னம்மா தெரியும்? உன் வீட்டுக்காரன் சொன்னது சொன்னதுதான்."

"சரிங்க"ன்னா. போய் பெட்பேனைக் கழுவிட்டு வந்தா. அவ அண்ணன் எல்லாத்தையும் போன்ல காட்டினான். அப்பாவைத் தூக்குற நேரம் பார்த்து எங்க அம்மா புரட்டிப் போடச் சொல்லிக் கத்தினாங்க. போனைக் கவுத்து வச்சுட்டு, அழுதுக்கிட்டே வந்து புரட்டினா. கை ஜில்லுன்னு இருக்குன்னு அம்மா அதுக்கும் ஒரு திட்டு. திரும்பிப் போய் போனை எடுத்தா, அங்கே ஆளுங்க கலைஞ்சு போயிட்டிருந்தாங்க.

கடைசியா அம்மா போய்ச் சேர்ந்தாங்க. தம்பிக்கு ஓய்வு வர்ற நேரம். அட்டை முடியவும் கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. மக வேற உண்டாகியிருந்தா. இனி மக கிட்டயே போயிடலாம்னு தம்பி முடிவு பண்ணினான். அவனுக்குச் சர்க்கரை, கால்ல ஒரு புண்ணு ஆறவே மாட்டேங்குது. பார்த்துக்க ஆள் வேணுமே! அதனால இந்தத் தடவை ஒழுங்கா விண்ணப்பம் போட்டான். இவளுக்குக் கால் தரையில நிக்கல.

"பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட எனக்கு பயமே இல்ல அண்ணி. அத்தையைக் குளிப்பாட்டின கை. பூ மாதிரி தூக்குவேன் பாருங்க." இதையே மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னா.

அந்த நாட்டுத் தூதரகத்துல நேர்காணலுக்கு ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. துணைக்கு நானும் போனேன். கார்ல தம்பி படிச்சுப் படிச்சுச் சொன்னான்.

"எது கேட்டாலும் 'அவர்கூடத்தான் இருந்தேன்'னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே."

"சரிங்க."

ஏன் எதுக்குன்னு அவன் சொல்லல. சொன்னா, இத்தனை வருஷமா ஏமாத்தினது தெரிஞ்சுருமே.

தம்பி முதல்ல உள்ளே போயிட்டு, நல்லாப் போச்சுன்னு கட்டைவிரலைக் காட்டிக்கிட்டு வந்தான். அடுத்து இவ. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வயசான அதிகாரியம்மா, இந்தப் பக்கம் இவளும் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பொண்ணும். பின்னால நாற்காலியில நான். பேசுறது எல்லாம் காதுல விழுந்துச்சு.

"புருஷன்கூடத்தான் இருந்தீங்களா?"

"அவர்கூடத்தான் இருந்தேன்."

அதோட விட்டிருக்கலாம் அந்த அம்மா. பேனாவைக் கீழே வச்சுட்டு, சிரிச்ச முகமா ஒண்ணு கேட்டாங்க. தமிழ்ப் பொண்ணு சொன்னா, "உங்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்னு கேட்கிறாங்கம்மா. காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்க."

எங்க வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவளை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவ முதுகு நிமிர்ந்துச்சு.

சொன்னா பாருங்க! அத்தையைப் புரட்டினது, கஞ்சி ஊட்டினது, துணி அலசினது, ஒரு புண்ணு வராம பார்த்துக்கிட்டது, ஒண்ணு விடல. கையை ஆட்டி ஆட்டிப் பேசினா. எனக்கே தெரியாத விஷயமெல்லாம் வந்துச்சு. அவ இவ்வளவு பேசுவாளா?

"வீட்டுக்காரர்?"

"அவர் ஆலைக் குவார்ட்டர்ஸ்ல இருப்பார். ஞாயித்துக்கிழமை வருவார்."

தமிழ்ப் பொண்ணு மொழிபெயர்க்காம அவளையே பார்த்தா. பாவம், நல்ல பொண்ணு. "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவர் உங்ககூட அந்த வீட்டுல இல்லையா?"

இவளுக்கு ரோஷம் வந்துருச்சு, தன்னை நம்பலையோன்னு. "சத்தியமா சொல்றேன். அவர் இல்லாட்டியும் நான் அந்த வீட்டை விட்டு நகரல. எங்க அப்பா செத்ததுக்குக்கூடப் போகல. நகரக் கூடாதுன்னு விதி இருக்கே, எனக்குத் தெரியாதா?" சொல்லிட்டு அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிச்சா.

அந்த அம்மா பேனாவை எடுத்தாங்க. அதுக்கப்புறம் சிரிக்கல.

வெளியே வந்ததும், "எல்லாத்தையும் நல்லா சொல்லிட்டேன் அண்ணி"ன்னா. முடியாதுன்னு பதில் வந்தப்போதான், விதி என்னங்கிறதைத் தம்பி அவ மூஞ்சிக்கு நேரா கத்தினான். "என்கூட இருக்கணும்டி! என்கூட! வாயைக் குடுத்து மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே!" அவ அவனைப் பார்க்கல, என்னைப் பார்த்தா. நான் போய் அடுப்பை அணைச்சேன்.

அன்னிக்கு மட்டும் அவ சரிங்கன்னு சொல்லல.

மகளும் போன்ல, "ஏம்மா, அப்பா சொன்ன ஒரு வார்த்தையோட நிறுத்தியிருக்கக் கூடாதா?"ன்னு அழுதா. தம்பிதான் அவன் பக்கத்துக் கதையைச் சொல்லி வச்சிருந்தானே. மேல்முறையீடு எல்லாம் வீண் செலவுன்னு அவன் மட்டும் கிளம்பிட்டான். அங்கே அவன் காலுக்கு மருந்து போட நர்ஸ் வருதாம். பேரன் பிறந்து, போன்ல கையைக் காலை ஆட்டுறான்.

அவன் போனதோட இவளுக்கு இந்த ஊர்ல இருக்கிற விசாவும் முடிஞ்சுது. அப்பா சாவுக்கே போகாதவ, அண்ணன் வீட்டுக்கு எந்த முகத்தோட போவா? நான்தான் கூட்டிட்டு வந்தேன். என் மாமியார் இப்போ படுத்த படுக்கை, அதுவும் உண்மைதான். வீட்டு வேலைக்கு ஆள்னு போட்டு விசா எடுத்தாச்சு. வேற எப்படி எடுக்கிறது? சுற்றுலா விசாவுல ஒரு தடவை அம்மாவை அனுப்பி வைங்க அத்தைன்னு மக என்கிட்ட கெஞ்சிக்கிட்டுத்தான் இருக்கா. பார்க்கலாம்மான்னு சொல்லி வச்சிருக்கேன். இவகிட்ட சொல்லல.

போன வாரம் அந்த வேலைக்காரி விசாவுக்குப் புது அட்டை வந்துச்சு. கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. என் மாமியார் முதுகைத் துடைச்ச ஈரம் விரல்ல இன்னும் இருந்துச்சு.

"அண்ணி, இதை வச்சுக்கிட்டுப் பேரனை ஒரு நடை பார்த்துட்டு வரலாமா? இல்ல, இதுக்கும் நகரக் கூடாதா?"

"இதுக்கும்தாம்மா"ன்னேன்.

"சரிங்க"ன்னா.