துரை காருக்கு வைத்த ரப்பர்

விடிந்தால் நான் காக்கிக் கோட்டும் தொப்பியுமாக ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பேன். என்னைப் பெற்றவர் பின்னால் நின்று காரைத் தள்ளுவார். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் துரைக்கு நான் டிரைவராக இருந்த காலத்துச் சங்கதி இது.

கார் வேறொரு துரை ஓட்டித் தீர்த்துத் தலையைச் சுற்றி எறிந்த பழசு. சூடேறிவிட்டால் ஒரு குறை சொல்ல முடியாது. விடியற்காலையில், அதுவும் மழை பெய்த மறுநாள், ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் இரண்டு தரம் இருமும், ஒரு தரம் தும்மும், உடம்பெல்லாம் குலுங்கி அப்படியே அடங்கிவிடும். கார் கொட்டகையோ பங்களாவுக்குக் கீழே பள்ளத்தில். மேடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அந்தப் பக்கச் சரிவில் உருட்டிவிட்டால்தான் இஞ்சின் பிடிக்கும்.

தள்ளுவதற்கு ஆள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து வரும். பெரிய கங்காணி ஆறு பேரைப் பொறுக்குவார். அதில் ஒருவர் தினமும் என் அப்பா. "மகன் ஓட்டுற வண்டிய அப்பன் தள்ளுறதுதானேப்பா மொற" என்பார் கங்காணி. களமே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியாது.

அப்பாவுக்கு நெஞ்சில் சளி. மேட்டில் ஏறும்போது அவர் இழுத்து மூச்சு விடுவது முன்னால் எனக்குக் கேட்கும். அவரைப்போல ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவனுக்கு விடியற்காலைதான் முக்கியம். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் நின்றுவிடும். காரைத் தள்ளிவிட்டு அவர் தன் மரங்களுக்குப் போய்ச் சேரும்போது நேரமாகியிருக்கும். வாளியில் பால் குறைந்தால் கணக்கப்பிள்ளை, "ஒனக்கு வயசாயிருச்சுய்யா, நின்னுக்க" என்று ஏசுவார். ஆக, இஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தாக வேண்டும், அப்பா அந்த வண்டியைத் தொடக் கூடாது. என் மண்டைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

ப்ளக்குகளைக் கழற்றிக் கரியைச் சுரண்டினேன். தீப்பொறி தரும் மேக்னெட்டோவில் ஈரம் இறங்குகிறதோ என்று கோணியைச் சுடவைத்துப் போர்த்திப் பார்த்தேன். கார்புரேட்டரைப் பிரித்து ஊதி ஊதி வாய் புண்ணானது. எல்லாம் வீண். ஒரு நாள், சரிவில் உருட்டிப் பிடித்த இஞ்சின் சூடேறாமல் இருமிக்கொண்டிருந்தபோது, காதைக் கிட்டே கொண்டுபோனேன். பெட்ரோலும் காற்றும் இஞ்சினுக்குள் போகிற குழாயின் மூட்டில் உஸ் என்று ஒரு சத்தம். எண்ணெய்க் குப்பியால் அந்த இடத்தில் நாலு சொட்டு விட்டேன். இருமல் நின்று இஞ்சின் சீராக ஓடியது. எண்ணெய் உள்ளே போனதும் மறுபடி குலுங்கியது. மூட்டின் இடுக்கை அடைக்கிற பேக்கிங் அட்டை வெடித்திருந்தது. குளிரில் அந்த வெடிப்பு வழியாகக் காற்றை இழுக்கிறது. சூடேறினால் இரும்பு விரிந்து அடைத்துக்கொள்கிறது. இவ்வளவுதான் நோய். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவில்லை.

கடைவீதியில் லொறி பழுது பார்க்கும் சிங்கள மெக்கானிக் ஒருவர் இருந்தார், பாஸ் என்று கூப்பிடுவோம். சூடு தாங்கும் பேக்கிங் அட்டை அவரிடம் இருந்தது. வாங்கிவர உத்தரவு கேட்டு பங்களாப் படியில் நின்றேன். துரைக்குச் சிரிப்பு.

"தோட்டம் முழுக்க ரப்பர் இருக்கு. நீ அட்டை வாங்கப் போறது? ஸ்டோர்ல நல்ல ஷீட் எடு, வெட்டு, வை."

ரப்பர் பெட்ரோலில் கரையும் என்பது எங்கள் லயத்து வீடுகளில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். உடுப்பில் பால் பட்டுக் காய்ந்தால் பெட்ரோல் துணியால்தான் தேய்த்து எடுப்போம். என் மனைவியின் சேலையை நானே அப்படித் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். சூட்டில் ஷீட் பிசுபிசுத்துப்போவதும் தெரியும். எல்லாம் தெரிந்த இந்த மானங்கெட்ட வாய் என்ன சொன்னது தெரியுமா? "சரிங்க தொரை."

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"கரைஞ்சு போகுமேடா. சொல்லலையா நீ?"

"தொரைகிட்ட எப்பிடிப்பா எதுத்துப் பேசுறது?"

அவரும் ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசியவரில்லை.

துரை சொன்னபடி ஷீட்டை வெட்டி மூட்டில் வைத்தேன். ஐந்து நாள் காலையில் கார் முதல் சுற்றில் பிடித்தது. அப்பா நேரே மரத்துக்குப் போனார். ஒரு வேளை நான் நினைத்ததுதான் தப்போ என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆறாம் நாள் காலை ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றது. ஓர் இருமல்கூட இல்லை. மறுபடி ஆறு பேர், மறுபடி அப்பா. துரை படியில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பதற்றத்தில், மேடு ஏறி முடியுமுன்னே, பாதியிலேயே கியரைப் போட்டு கிளச்சை விட்டேன். கார் ஒரு குதி குதித்து நின்றது. தள்ளியவர்கள் சறுக்க, வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்தேன், மழையில் நனைந்த பிரேக் பிடிக்கவில்லை. ஐந்து பேர் விலகிக்கொண்டார்கள். அப்பா மட்டும் தோளைக் கொடுத்து நிறுத்தப் பார்த்தார். உள்ளே நான் இருந்தேனல்லவா. சக்கரம் அவர் பாதத்தின்மேல் ஏறி நின்றது.

துரை வந்தார். முதலில் பானட்டைத்தான் திறந்தார். மூட்டிலிருந்து கறுப்பாகப் பிசின்போல வழிந்திருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எந்த மடையன் இங்கே ரப்பர் வச்சது?"

மறந்துவிட்டாரா, மறந்ததுபோல நடித்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கங்காணி என்னைப் பார்த்தார். கீழே மண்ணில் காலைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவும் என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க தொரை. தெரியாம வச்சிட்டேங்க."

"முட்டாள்" என்று சொல்லிவிட்டு அவர் பங்களாவுக்கு ஏறினார். என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பெரிய மனசாம்.

அப்பாவின் பாதம் கோணலாகத்தான் சேரும், இனி மலையேறிப் பால் வெட்ட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அவரைப் பார்க்கப் போக எனக்குத் தைரியம் வந்தது. வைவார், கன்னத்தில் அறைவார் என்று எதிர்பார்த்துக் கட்டிலருகே நின்றேன்.

"ஒன் வேல இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குப்பா."

"அப்ப சரி" என்றார். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.