புதுவண்டி பேயாண்டி

வண்டியை ஓரங்கட்டி இறங்கியதும் பேயாண்டி டீக்கடைப் பக்கம் திரும்புவதில்லை. ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்க்கிறார். குனிந்து, எங்கேயாவது எண்ணெய் கசிகிறதா என்று தேடுகிறார். அப்புறம்தான் ஹெல்மெட்டையும் முகத்தில் சுற்றிய துண்டையும் கழற்றுவார். கறுத்த ஐம்பத்தெட்டு வயது முகத்தில் கண்ணைச் சுற்றி மட்டும் கொஞ்சம் வெளுப்பு தெரியும்.

அவர் ஓட்டுவது கூடு இல்லாத லாரி. எஞ்சின், சக்கரம், நீளமான இரும்புச் சட்டம், கயிறு போட்டுக் கட்டிய ஓர் இருக்கை, அவ்வளவுதான். ஓசூர் தொழிற்சாலையில் புத்தம் புதுசாக எடுத்து, நாகர்கோவில் பக்கம் பாடி கட்டும் பட்டறையில் கொண்டுபோய் விட வேண்டும். திருமங்கலம் சொந்த ஊர் என்பதால் நடுவில் இங்கே ஒரு நிறுத்தம். முப்பத்தோரு வருடமாக வெயிலில் காய்ந்து மழையில் நனைகிறார். டீக்கடையில் நான் கேட்டால், "ஆழம் தெரியாம காலை விடுறதுதாண்ணே நம்ம பொழப்பே. எனக்கு முந்தி ஒரு பய அதுல ஒக்காந்திருக்க மாட்டான்" என்பார்.

புதுசு என்றாலே அவருக்குச் சந்தேகம். வீட்டுக்குப் புதுக் குக்கர் வந்தபோது மூன்று நாள் வெறும் தண்ணீரை வைத்தே விசில் அடிக்க விட்டார். மனைவி ஒச்சம்மாள் போட்ட சண்டை எதுவும் பலிக்கவில்லை. நான் புது மிக்சி வாங்கியதைத் தெரியாத்தனமாக அவரிடம் சொல்லி, அரை மணி நேரம் புத்திமதி கேட்டேன். "பழசுக்கு நோவுன்னா மொனகிக் காட்டிரும். புதுசு வாயே தொறக்காதுண்ணே."

மகன் சிவக்குமார் விமானப்படையில் விமானி. அவன் ஓட்டும் தாக்குதல் விமானம் அவன் பிறப்பதற்கு முன்பே செய்தது. அதே ரகத்தில் ஒன்று விழுந்து, அவனோடு பயிற்சி பெற்ற ஒரு பையன் இறந்துபோனான். அன்றிலிருந்து பேப்பர் படிக்கிற யாரையும் ஒச்சம்மாள் சும்மா விடுவதில்லை. "ராடாருக்கே தெரியாத ப்ளேன் செய்றாங்களாம்ல, எப்பத்தான் வருது? டவுன் பஸ்ஸே பதினஞ்சு வருசத்துல கழிச்சுக் கட்டுறாங்க. எம் மகனுக்கு மட்டும் என்னத்துக்கு இம்புட்டுப் பழசு?" நியாயமான கேள்விதான்.

போன புதன்கிழமை சிவக்குமார் போனில் பேசினான். அந்தப் புது விமானத்தைச் சோதித்து ஓட்டுவதற்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அம்மாவிடம், "புது ப்ளேனுக்குக் கூப்பிடுறாங்கம்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். ஒச்சம்மாள் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தார். அப்பாவிடம்தான் முழுதையும் சொன்னான். "நீ வேணாம்னு சொன்னா நான் பேரு குடுக்கலப்பா."

சனிக்கிழமை டீக்கடையில் பேயாண்டி டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சோதனைன்னா என்னன்னு இந்த ஊருலயே எனக்குத்தானண்ணே தெரியும். நம்ம வண்டி மக்கர் பண்ணுனா ஓரங்கட்டி எறங்கிரலாம். மேல எங்கிட்டு ஓரங்கட்டுறது?" ஆறிப்போன டீயைக் கீழே வைத்துவிட்டு, "பயமாருக்குண்ணே" என்றார்.

அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. "அப்ப வேணாம்னு சொல்லிருங்க" என்றேன்.

"பழசுலயே கெடன்னு சொல்லவா? அது மட்டும் அவனைப் பத்திரமா எறக்கி விடுதா?"

ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டில்தான் இருந்தேன். ஒச்சம்மாள் அடுப்படியில் இருந்தார். போன் வந்ததும் பேயாண்டி எழுந்து வாசலுக்குப் போனார். மகன் பேசியதை வெகுநேரம் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பேரு குடு. யாராச்சும் ஒருத்தன் மொதல்ல ஓட்டித்தான ஆகணும். என்ன, மொத நாளே வெரட்டாத. அது என்ன சொல்லுதுன்னு காது குடுத்துக் கேளு. அம்புட்டுத்தான்."

அவர் உள்ளே வந்து உட்காரவும் ஒச்சம்மாள் தட்டு நிறைய லட்டோடு வந்தார். முதலில் என் பக்கம் நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே நான் நிம்மதியாத் தூங்கலாம்ல? புதுசு. பயம் ஒண்ணும் இல்லையே?" என்று புருஷனைக் கேட்டார்.

சர்க்கரை நோய் வந்து ஆறு வருடமாக இனிப்பைத் தொடாத மனிதர், தட்டிலிருந்து ஒரு முழு லட்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார்.